அரியலூர்க் காட்டு வழியே ஒரு சைக்கிள் யாத்திரை

நம்மவர் குடும்பங்களில் வெளியூர்ப் பிரயாணத்துக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள் உண்டு. ஒன்று சுவாமி தரிசனம்; மற்றொன்று கலியாணம். இரண்டுமில்லாமல் ஒருவர் மூட்டை கட்டினால், அவர் உதகமண்டலத்துக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படுகிறார் என்று அர்த்தம். "இந்தத் தை மாதத்தில் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் சைக்கிளில் சுற்றிவிட்டு வரப் போகிறோம்" என்று சிநேகிதர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் உடனே அநுதாபம் தோன்றும். "அங்கே என்ன ஐயா இருக்கிறது? சிமெண்ட் அல்லவா இருக்கிறது!" என்பார்.

சிமெண்ட் இருப்பது வாஸ்தவம். ஆனால் அந்தச் சிமெண்டுக்கு ஆதாரமான சுண்ணாம்புக் கல் அங்கே எப்படி வந்தது என்று கேட்டால், பதில் மிகவும் சுவாரஸ்யமானது. சுமார் பதினொரு கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே புகுந்து, இன்று பெரம்பலூர் ஜில்லா இருக்கும் இடம் வரையில் பரவி நின்றது. ஏறியும் இறங்கியும் பல கோடி ஆண்டுகள் அங்கேயே குடியிருந்துவிட்டுப் பிறகு வடிந்து போயிற்று. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும், நத்தைகளும், சுருள் சுருளான ஓடுகளையுடைய அம்மோனைட் என்னும் பிராணிகளும் அடித்தரையில் படிந்து கல்லாயின. அந்தக் கல்லைத்தான் இன்று லாரி லாரியாக ஏற்றிச் செல்கிறார்கள். ஆகவே இப்பிரதேசத்தில் பார்க்கத் தகுந்த அற்புதத்துக்கும், பிரயாணி அஞ்சத் தகுந்த அபாயத்துக்கும் மூலகாரணம் ஒன்றே. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சைக்கிள் யாத்திரைக்கு வழி வகுக்க வேண்டும்.

மோட்டாரில் போகிறவர்களுக்கு இந்தச் சீமை கண்ணில் படுவதே இல்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் பெருவழியில் பறக்கிறவர்களுக்குப் பெரம்பலூர் ஒரு காப்பி சாப்பிடும் இடம், அவ்வளவுதான். ரயிலில் போகிறவர்களுக்கு அரியலூர் தூக்கத்தில் கடந்து போகும் ஸ்டேஷன். நடந்து பார்ப்பதற்கோ தூரம் அதிகம். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நகரும் சைக்கிள்தான் இந்த நிலத்துக்கு ஏற்ற வாகனம். பச்சைமலை அடிவாரத்தை விட்டுவிட்டால் ஏற்றம் என்று சொல்லும்படி அதிகம் கிடையாது. கடைத் தெருவில் கிடைக்கும் சாதாரண சைக்கிளே போதும். பல்சக்கரங்கள் பலவுள்ள விலையுயர்ந்த வண்டி இருந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை.

வட்டமா, எட்டா?

தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டால், பெரம்பலூரிலிருந்து புறப்பட்டு இரண்டு ஜில்லாக்களையும் ஒரே வட்டமாகச் சுற்றி வந்துவிடலாம் என்று முதலில் தோன்றும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பழகிய வாலிபர்களுக்கு அது சரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும், சைக்கிளை விட்டுப் பத்து வருஷமான அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த வட்டம் ஆகாது. நடுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் திரும்புவதற்கு வழி இராது.

நம் யோசனை என்னவென்றால், அரியலூரை முடிச்சாக வைத்து, எட்டு என்னும் எழுத்தைப் போல இரண்டு சுற்றாகப் பிரித்துக்கொள்வதே உத்தமம். மேற்குச் சுற்று பெரம்பலூர்ப் பக்கம்; கிழக்குச் சுற்று கொள்ளிடக் கரையும் கங்கைகொண்ட சோழபுரமும். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கோ விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் ரயில் பாதை இருக்கிறது. சைக்கிளுடன் வந்து இறங்குவதற்கும் களைத்தவர்களை வீட்டுக்கு அனுப்புவதற்கும் அதுவே சௌகரியம். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் மூன்று ஊர்களிலும் இரவு தங்க விடுதிகள் உண்டு. ஒரு சுற்றை இந்த வருஷமும் மற்றதை அடுத்த வருஷமும் முடித்தாலும் குறைவில்லை.

இந்த இரண்டு ஜில்லாக்களும் ஒன்றாயிருந்து பிரிந்து, சேர்ந்து, மறுபடியும் பிரிந்தவை. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. 2001-ல் அரியலூர் பிரிந்தது. மறு வருஷமே திரும்பச் சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ந் தேதி மீண்டும் பிரிந்தது. அதே நவம்பர் 23-ந் தேதியில்தான், 1956-ம் வருஷம், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்தார். பச்சைமலையிலிருந்து வரும் அந்த மருதையாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மழைக்காலத்தில் அதை நம்பக்கூடாது என்பதற்காகவே இதை இங்கே சொல்லுகிறோம்.

காலமும் காற்றும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வேண்டாம். மழை மட்டும் காரணமல்ல. பெரம்பலூர்ப் பக்கத்தில் பெரும்பாகம் கரிசல் மண். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் செழித்து விளைவது அந்த மண்ணில்தான். மழை பெய்த மறுநாள் பக்கவழியில் இறங்கினால் அம்மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டில் அடைத்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வைத்துவிடும். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரையில் உள்ள காலமே ஏற்றது. சித்திரை, வைகாசியில் இங்கே அடிக்கும் வெயிலை அநுபவித்தவர்கள் அறிவார்கள். மற்றவர்கள் அறிய வேண்டியதில்லை.

தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். ஆகையால் கிழக்கு நோக்கிப் போகும் பகுதியைக் காற்று எழுமுன் காலையில் முடித்துவிட வேண்டும். மேற்கு நோக்கி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக் கொடுக்கும். அந்தச் சமயத்தில் வேறொரு வேடிக்கையும் உண்டு. அறுத்த தானியத்தைக் குடியானவர்கள் ரஸ்தாவிலேயே பரப்பிக் காயவைத்திருப்பார்கள். மக்காச்சோளத்தின் மேல் சைக்கிள் சக்கரம் ஏறினால் வழுக்காமல் இராது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை; ஒருவர் வருஷம் முழுதும் உழைத்த பலன் அல்லவா அது?

பஞ்சர் ஒட்டும் சாமான்களும் சிறிய காற்றடிக்கும் பம்பும் கையில் இல்லாமல் புறப்படக்கூடாது. ஏரிக்கரையெங்கும் சீமைக் கருவேல மரம் மண்டிக் கிடக்கிறது. அதன் முள் டயரைக் கண்டால் விடாது.

லாரி தர்மம்

1939-ல் பக்கத்திலுள்ள கல்லக்குடியில் சிமெண்ட் ஆலை ஏற்பட்டது. பிறகு அரியலூரைச் சுற்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வந்தன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல்லும், ஆலையிலிருந்து வெளியூர்களுக்குச் சிமெண்டும் இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கின்றன. சாலையோரத்துப் புளிய மரங்கள் சில இடங்களில் பச்சையாயிராமல் சாம்பல் பூசிய சந்நியாசிகளைப் போல நிற்பதைப் பார்த்தே, லாரி வழியில் வந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆலைகள் கூடாது என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. வீடு கட்டச் சிமெண்ட் வேண்டியவர்கள் நாமெல்லோருமே. ஆனால் அந்த ரஸ்தாக்களை லாரிகள் மட்டும் உபயோகிக்கவில்லை. காலை எட்டரை மணிக்கு அங்கே நின்று பாருங்கள். சர்க்கார் பள்ளிக்கூடங்களில் பதினோராம் வகுப்புப் படிப்போருக்கு இலவசமாகக் கொடுத்த சைக்கிள்களில், சீருடையணிந்த பெண் குழந்தைகள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டு வருவார்கள். மாலை நாலரைக்கு மறுபடி வருவார்கள். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் பழகியபோது கேலி செய்தவர்கள் பலர். இன்று பெண் சைக்கிளில் போவதை எந்தக் கிராமத்திலும் திரும்பிப் பார்ப்பாரில்லை. ஆனால் பத்துச் சக்கர லாரிக்குப் பக்கத்தில், தார் முடிந்து புழுதி தொடங்கும் விளிம்பில் அவர்கள் போவதைக் கண்டால் வயிற்றைப் பிசைகிறது. வருஷத்துக்கு மூன்று நாள் உல்லாசமாக வருகிற நமக்கு மாற்று வழி தேட அவகாசம் உண்டு; தினமும் வருகிற அந்தப் பெண்களுக்கு வேறு வழி கிடையாது. ரஸ்தாவை அகலப்படுத்தும்போதெல்லாம் ஓரத்தில் சைக்கிளுக்கென்று நாலடி இடம் தனியாக விட்டால் இரு சாராருக்கும் நன்மை. அப்படி விடும் வரையில் கண்டிப்பான ஒரு விதி: இருட்டில் சைக்கிள் விடக்கூடாது. விடிவதற்கு முன்னும் வேண்டாம். அஸ்தமித்த பின்னும் வேண்டாம். பறவை பார்ப்பதற்கு வைகறையே ஏற்ற நேரம் என்று புஸ்தகங்கள் சொல்லும். அரியலூர் ரஸ்தாக்களில் புஸ்தகத்தை விட இந்த விதியே பெரிது.

மேற்குச் சுற்று

அரியலூரிலிருந்து கொளக்காநத்தம் வழியாக மேற்கே போகும் கிராமச் சாலை, பெரிய ரஸ்தாவை விட எவ்வளவோ மேல். காற்றும் அநுகூலம். இந்த வழியில்தான் சாத்தனூர் இருக்கிறது. சாத்தனூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல ஊர்கள் உண்டு. அணைக்கட்டு உள்ள ஊர் வேறு. கல்மரம் உள்ள ஊர் இது.

கல்மரம் என்றால் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓர் ஓடைக்கரையில் பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அடிமரம் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. மரத்தின் கணுவும் வரியும் அப்படியே இருக்கின்றன, தட்டினால் கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கரையில் வளர்ந்த ஊசியிலை மரம் ஒன்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடலடியில் புதைந்து, அணு அணுவாகக் கல்லாக மாறிவிட்டது. இதை 1940-ல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சை ஜில்லாக்காரர். இந்திய நிலவியல் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவராக வந்த முதல் இந்தியர் அவரே, அது 1951-ல். அதற்கு முன் நூறு வருஷமாக இந்தப் பிரதேசத்துக் கற்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தாம். கேய், கன்லிஃப் என்னும் சென்னை ராஜதானி உத்தியோகஸ்தர் இருவர் பொறுக்கி அனுப்பிய சிப்பிகளை வைத்து 1846-ல் லண்டனில் ஃபோர்ப்ஸ் என்பவர் எழுதினார். 1862-ல் பிளான்ஃபோர்டு இங்கேயே சுற்றித் திரிந்து பாறை அடுக்குகளை வகுத்தார். அவர்கள் வைத்த பெயர்களைக் கேட்டால் நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஊட்டத்தூர் அடுக்கு, திருச்சிராப்பள்ளி அடுக்கு, அரியலூர் அடுக்கு என்பன அவை. ஐரோப்பாவிலுள்ள நிலவியல் மாணவன் ஒருவன் காஞ்சிபுரத்தை அறியாமலிருக்கலாம், ஊட்டத்தூரை அறிவான்!

சாத்தனூருக்கு அடுத்தாற்போல் காரை. ஊரை ஒட்டிய வெளியில் மண் சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாக, மழைநீர் அரித்த பள்ளங்களும் மேடுகளுமாக, சம்பல் பள்ளத்தாக்கைச் சிறிய அளவில் செய்து வைத்தது போல் கிடக்கிறது. புல் பூண்டு அதிகமில்லை. காலடியில் பளபளவென்று மின்னுவது கண்ணாடித் துண்டு என்று நினைக்கவேண்டாம், அது ஜிப்சம். துப்பாக்கி ரவை போல நீண்டு உருண்டு கிடப்பவை கணவாய் மீன் இனத்துப் பழம் பிராணிகளின் கல்லான உறுப்புக்கள். இங்கே சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் நடந்தால், பிள்ளைகள் பாடப் புஸ்தகத்தில் ஒரு வருஷம் படிப்பதை விட அதிகம் தெரிந்துகொள்வார்கள். ஆனால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வர இடம் தரக்கூடாது. ஆளுக்கு ஒன்று என்று எடுத்துத்தான் பல இடங்களில் ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. படம் எடுத்துக்கொள்ளட்டும். பக்கத்திலுள்ள கருடமங்கலத்தில் சிப்பிகள் பதிந்த கல்லை வெட்டி மெருகேற்றி, திருச்சிச் சலவைக்கல் என்ற பெயரில் அலங்காரப் பொருள்கள் செய்தது ஒரு காலம்.

காரையிலிருந்து வடக்கே திரும்பிச் சிறுவாச்சூர் வந்தால் சென்னைப் பெருவழி குறுக்கிடும். இங்கே கோயில் கொண்டிருக்கும் மதுரகாளியம்மன் சந்நிதி வழக்கமாகத் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான் திறந்திருக்கும். கிழமை பார்த்துப் புறப்பட்டால் தரிசனமும் கிடைத்தது. வீட்டிலுள்ள பெரியவர்களின் அநுமதியும் கிடைத்தது. பெருவழியின் நடுவில் ஏறாமல் ஓரத்துத் துணைச் சாலையிலேயே பெரம்பலூர் போய்ச் சேர்வது நலம். இந்த முதல் நாள் தூரம் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் இருக்கும்.

மறுநாள் திரும்பும் வழியில் செங்குணமும் குன்னமும் அதிக தூரத்தில் இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்த சுயசரிதத்தைப் படித்தவர்களுக்கு இவ்வூர்ப் பெயர்கள் சொந்த ஊர் போலத் தோன்றும். அரியிலூர்ச் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, செங்கணம் விருத்தாசல ரெட்டியார் என்று, தமிழ் சொல்லிக் கொடுப்பாரைத் தேடி அந்தச் சிறுவர் தந்தையாருடன் ஊர் ஊராகக் குடி மாறிய வழி இது. அக்காலத்தில் தார் ரோடு கிடையாது, பஸ் கிடையாது. நடை, அல்லது மாட்டு வண்டி. நாம் சைக்கிளில் அரைமணியில் கடக்கும் தூரத்துக்கு அவர்கள் அரை நாள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். யாப்பிலக்கணம் சொல்லிக் கொடுக்க ஆள் இந்தப் புன்செய்க் காட்டில் அகப்பட்டது என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாகத்தான் இருக்கிறது.

குன்னத்தை அடுத்த சித்தளியில் காப்புக்காடு உண்டு. வடமேற்கே வேப்பந்தட்டைப் பக்கத்து வெண்பாவூரிலும் உண்டு. உசில், வேல், வேம்பு முதலிய மரங்களும் முட்புதர்களும் நிறைந்த வறண்ட காடுகள். மலைநாட்டுச் சோலையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் இந்தக் காடுகளில் புள்ளி மான்கள் வசிக்கின்றன. மயிலுக்கோ கணக்கே இல்லை. குடியானவர்களைக் கேட்டால் மயிலைப் பற்றிப் புகாரைத்தான் சொல்வார்கள். முருகன் வாகனமாயிற்றே என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோடையில் காட்டுக் குட்டைகள் வற்றியதும் மான்கள் தண்ணீர் தேடி வயல்களுக்கு வருகின்றன. அங்கே நாய் துரத்துகிறது. ஓடிக் கிணற்றில் விழுகின்றன. அல்லது ரஸ்தாவைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுகின்றன. சைக்கிளில் போகிறவர் இக்காட்டோரத்தில் பேச்சை நிறுத்தி மெதுவாகப் போனால், பாதையைக் கடக்கும் மானைக் காணும் பாக்கியம் கிடைக்கலாம். உள்ளே நுழைவதானால் வனத்துறையாரின் அநுமதி வேண்டும். ரஸ்தாவில் நின்று பார்ப்பதே போதும்.

குன்னத்துக்கும் அரியலூருக்கும் இடையே கொஞ்ச தூரம் பெரிய ரஸ்தாவைத் தவிர்க்க முடியாது. காற்றும் எதிர்க் காற்று. பத்து மணிக்குள் இதைக் கடந்துவிடும்படி புறப்பட வேண்டும்.

கிழக்குச் சுற்று

அரியலூரிலிருந்து தெற்கே கீழப்பழுவூர் வரையில் உள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இந்த யாத்திரையில் மிகக் கடுமையான பகுதி. மேடு காரணமல்ல, லாரி காரணம். நன்றாக வெளிச்சம் வந்ததும், பள்ளிக்கூட நேரத்துக்கு முன், ஒருவர் பின் ஒருவராக, முன்னால் ஒரு பெரியவரும் பின்னால் ஒரு பெரியவரும் குழந்தைகள் நடுவிலுமாகப் போக வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காத உற்சாகிகளை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

பழுவூர் என்றதும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர் மீசை ஞாபகம் வரும். அந்தப் பழுவேட்டரையர் வம்சம் கதையில் மட்டும் இருந்ததன்று. மேலப்பழுவூர், கீழையூர்க் கோயில்களில் அவர்கள் பெயர் கல்லில் வெட்டியிருக்கிறது. கீழையூரில் ஒரே மதிலுக்குள் இரட்டைக் கோயில் இருக்கிறது. அளவில் சிறியது; அழகில் பெரியது. அதன் நிழலில் பலகாரத்தை முடித்துக்கொண்டு, கரைவெட்டிக்குத் திரும்பலாம்.

கரைவெட்டி ஏரியைப் பற்றி மட்டும் தனிக் கட்டுரை எழுதலாம். சுமார் 454 ஹெக்டேர். அதாவது ஆயிரத்து நூறு ஏக்கருக்கு மேல். 1999-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஜனவரியில், ஈரான் தேசத்து ராம்சார் நகரில் 1971-ல் செய்துகொண்ட சர்வதேச உடன்படிக்கையின்படி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ஜாபிதாவில் இதைச் சேர்த்தார்கள். இமயமலைக்கு அப்பாலிருந்து, அந்த மலையையே தாண்டிப் பறந்து, வரித்தலை வாத்து இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. வெண்மையான தலையில் கறுப்பாக இரண்டு பட்டை, அதுவே அடையாளம். ஊசிவால் வாத்து, கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டிப் பாம்பு என்று மருட்டும் பாம்புத்தாரா ஆகியவற்றையெல்லாம் கரையில் நின்றபடியே பார்க்கலாம். தூரக்கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் பகல் முழுவதும் ஏரியிலேயே இருப்பதால், எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் நஷ்டமில்லை.

ஆனால் புறப்படுமுன் ஒன்று விசாரித்துக்கொள்ள வேண்டும்: ஏரியில் தண்ணீர் இருக்கிறதா? இது மழையை மட்டும் நம்பிய ஏரியன்று. மேட்டூரில் திறக்கும் காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. சுற்றிலுமுள்ள வயல்களும் இந்த நீரையே நம்பியிருக்கின்றன. மேட்டூர் நிறைந்த வருஷத்தில் பறவையும் நிறையும். அங்கே குறைந்தால் இங்கே வாத்துக்கும் குறை, வயலுக்கும் குறை. மங்கோலியாவிலிருந்து வரும் பட்சியின் சுகதுக்கம் மேட்டூர் மதகைப் பொறுத்திருக்கிறது! கன்னட தேசத்துக்கும் நமக்கும் நடக்கும் காவிரி வழக்கில் இந்த வாத்துக்களையும் ஒரு கட்சியாகச் சேர்த்தால் தகும்.

குடும்பத்தோடு வந்தவர்கள் இங்கிருந்து அரியலூருக்கே திரும்பி, மறுநாள் உடையார்பாளையம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போவது உசிதம். கால் வலுவுள்ளவர்களுக்கோ, திருமானூர் சென்று கொள்ளிடத்தின் வடகரையோடு கிழக்கே போகும் வழி காத்திருக்கிறது. நாள் முழுவதும் பிடிக்கும். ஜெயங்கொண்டம் சேரும்போது தூரம் நூறை நெருங்கிவிடும். ஆனால் இந்த எட்டு வடிவத்தில் இதுவே மிக ரமணீயமான பாகம் என்பது நம் அபிப்பிராயம். லாரிச் சத்தம் ஓய்கிறது. வலப்பக்கத்தில் அகன்ற மணலும் இடையிடையே நீரோட்டமும் நாணலும். இடப்பக்கத்தில் கரும்பும் நெல்லும் மூங்கில் தோப்பும். வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி இந்த வழியில்தான். இத்தாலியப் பாதிரியார் ஒருவர் தமிழில் காவியம் செய்ததும், சதுரகராதி தொகுத்ததும் இந்தச் சீமைக் காற்றைச் சுவாசித்துக்கொண்டுதான்.

இன்னும் கிழக்கே ஸ்ரீபுரந்தான் என்று ஒரு கிராமம். சோழர் காலத்துச் சிவன் கோயில். வழிபாடு குறைந்து பூட்டிக் கிடந்த அக்கோயிலிலிருந்து நடராஜ விக்கிரகத்தைத் திருடர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அது கடல் கடந்து, 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் ஐம்பது லட்சம் டாலர் விலைக்குப் போயிற்று. உண்மை வெளிப்பட்ட பிறகு, 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதம மந்திரியே டில்லிக்கு வந்து திருப்பிக் கொடுத்தார். மனித நடமாட்டம் இல்லாத கோயிலுக்குக் காவல் யார்? நாலு பேர் சைக்கிளில் வந்து, கதவண்டை நின்று, ஊராரிடம் விசாரித்துவிட்டுப் போவதும் ஒரு வகைக் காவல்தான் என்று தோன்றுகிறது.

தா. பழூர் தாண்டி வடக்கே திரும்பினால், சமவெளிக்கு மேல் வெகு தூரத்திலேயே கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் தெரியும். ராஜேந்திர சோழன் தலைநகரம் இது. கோயிலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. 2004-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் இருக்கிறது. சைக்கிள் யாத்திரிகர்களுக்கு நாம் காட்ட விரும்புவது வேறு இரண்டு. ஒன்று, இடிந்து குறைந்து நிற்கும் வெளி மதில். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, வெள்ளைக்கார எஞ்சினீயர்கள் இம்மதிலை உடைத்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். அணை வயலுக்கு நன்மை செய்தது, மறுக்கவில்லை. இருந்தாலும் கல் அகப்படாத தேசமா இது? மற்றொன்று, சோழகங்கம். கங்கை நீரைக் கொணர்ந்து, நீராலேயே ஆன ஜயஸ்தம்பமாக ராஜேந்திரன் வெட்டுவித்த ஏரி என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பதினாறு மைல் நீளமுள்ள கரை இருந்ததாகச் சென்ற நூற்றாண்டுக்கு முன்னையவர்கள் எழுதி வைத்தார்கள். இன்று பொன்னேரி என்ற பெயரில் ஒரு பகுதி ஏரியாக மிஞ்சியிருக்கிறது. அக்கரை மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால், ஏரியின் பழைய அளவு ஒருவாறு மனத்துக்குப் புலனாகும்.

ஜெயங்கொண்டத்தில் இரவு தங்கி, மறுநாள் காலை உடையார்பாளையம். மிளகு மூட்டையைப் பயறு மூட்டையாக மாற்றியதாகப் புராணம் சொல்லும் பயறணீசுவரர் கோயில் இவ்வூரில் இருக்கிறது. இந்தப் பக்கம் எங்கு திரும்பினாலும் முந்திரிக் காடு. மாசியில் பூத்திருக்கும், பங்குனி முதல் பழம். நடுநடுவே தைலமரத் தோப்புக்கள். தூரத்திலிருந்து அடர்ந்த வனம் போலவே காணும்; உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் புல்லும் இல்லை, மேலே பறவைக் குரலும் அதிகமில்லை. முந்திரிக் காட்டில் நிழலாவது தாழ்ந்திருக்கிறது. குழந்தைகள் கிளையில் ஏறி உட்காரலாம். காற்று இப்போது முதுகுப் பக்கம். பதினோரு மணிக்குள் அரியலூர் வந்துவிடலாம்.

ரயிலுக்கு நேரமிருந்தால் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் போக வேண்டாம். கீழப்பழுவூர் ரஸ்தாவிலேதான் இருக்கிறது. ஆனால் முதல் நாள் காலையில் நாம் அதைக் கடக்கும்போது கதவு சாத்தியிருக்கும். காரையில் பொறுக்காமல் விட்டுவந்த அம்மோனைட்டுக்களையும், கல்லமேட்டில் கிடைத்த ராட்சதப் பிராணிகளின் கதையையும் அங்கே சாவகாசமாகப் பார்க்கலாம். வார விடுமுறை எந்தக் கிழமை என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளவும். சைக்கிள்களை ஸ்டேஷனில் வைத்துவிட்டு டவுன் பஸ்ஸில் போய் வந்தால் போதும். அந்த ரஸ்தாவில் இரண்டாம் தடவை, அதுவும் நடுப்பகலில், பிள்ளைகளைச் சைக்கிளில் அழைத்துப் போகவேண்டாம்.